தபால்காரரை நம்பி உட்கார்ந்திருந்தேன்

எழுபதுகளின் பிற்பகுதி. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் முடித்து, வண்டி ஒயரிங்கும் பழகியிருந்தேன். திருவண்ணாமலையில் ஒரு தனியார் பஸ் கம்பெனி ஷெட்டில் வேலை கேட்டுப் போனேன். மேனேஜர் சர்டிபிகேட்டைப் புரட்டிவிட்டு, எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். கீழ்பென்னாத்தூர் என்றேன். தகவல் வரும், போ என்றார். தெருப் பெயர்கூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டு வாசலை விட்டு நான் நகரவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் லெட்டர் வந்து திரும்பிவிட்டால் என்ன செய்வது? என்னைக் கண்டாலே தபால்காரர் சைக்கிளை வேகமாக மிதிக்க ஆரம்பித்தார். பொறுக்க முடியாமல் கம்பெனிக்கு ஒரு லெட்டர் போட்டேன். அதற்கும் பதில் இல்லை. இல்லை என்றாவது எழுதித் தொலைக்கக் கூடாதா என்று பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் மாமா பெங்களூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இடம் பார்த்துவிட்டார். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கு நான் ஒருவன்தான் துணை. போக மனசே இல்லை, போகாமலும் முடியாது.

திருவண்ணாமலையில் பெங்களூர் பஸ் பிடிக்க, டிரங்குப் பெட்டியோடு கிளம்பினேன். ஏறியது அதே கம்பெனி வண்டி. கண்டக்டர் பாஷா பாய் எங்கே பயணம் என்று விசாரித்தார். எரிச்சலோடு எல்லாவற்றையும் கொட்டினேன். டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"அந்த கரண்ட் வேலை படிச்ச பையன் நீதானா? மேனேஜர் சொன்னாருன்னு உங்க ஊர் பஸ் ஸ்டாப் டீக்கடையில எத்தினி வாட்டி சொல்லிட்டு வந்தேன் தெரியுமா? இன்னைக்கும் வரலன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க."

அந்தக் கம்பெனியில் ஆளைக் கூப்பிடுவதெல்லாம் கண்டக்டர் மூலமாகத்தான். பையன் டீ குடிக்க வரும்போது சொல்லலாம் என்று கடைக்காரர் இருந்திருக்கிறார். நான்தான் லெட்டர் தவறிவிடுமோ என்று பயந்து அந்தப் பக்கமே போகவில்லையே.

திருவண்ணாமலையில் இறங்கியதும் பெட்டியோடு ஷெட்டுக்கு ஓடினேன். கார்த்திகை தீபத்துக்கு ஸ்பெஷல் வண்டிகள் தயாராகிக்கொண்டிருந்தன. மேனேஜர் பாய்ந்தார்.

"ஏன்யா, வரச்சொன்னா வரமாட்ட, லெட்டர் மட்டும் போடுவியா? உங்க ஊருக்கு தினமும் நம்ம வண்டி போவுது, தபால் எதுக்கு?"

என் பதிலைக் கேட்காமலே ஒரு வண்டியைக் காட்டினார். செல்ஃப் எடுக்காததால் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பேட்டரியின் எர்த் ஒயர் முனை உப்புப் பூத்துப்போயிருந்தது. சுரண்டி, இறுக்கி, செல்ஃப் அடித்தேன். எஞ்சின் உறுமியது பாருங்கள், எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மேனேஜர் அடுத்த வண்டியைக் காட்டினார், அவ்வளவுதான். சாயந்திரம்வரை வேலை ஓடியது. வேலையில் சேர்த்துக்கொண்டாரா, சோதித்துப் பார்க்கிறாரா, ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க எனக்கும் பயம். பெங்களூர் பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது.

திரும்பும்போதும் பாஷா பாய் வண்டிதான். காசை நீட்டினேன். கையைத் தள்ளிவிட்டார்.

"ஸ்டாஃப்கிட்ட டிக்கெட் காசு வாங்க மாட்டோம் தம்பி."

எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான் தெரிந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பிற்பாடு ஷெட் பொறுப்பு என் கைக்கு வந்தது. வேலை கேட்டு வருகிறவர்களிடம், உண்டா இல்லையா என்பதை அன்றைக்கே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். இல்லை என்ற பதிலைக் கேட்டவர்களும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.