போஞ்சிப் பாத்திக்குள் ஒரு துவக்கு

லண்டனில் பொலிஸ்காரரைக் கண்டால் என் கண் முதலில் போவது அவருடைய முகத்துக்கு அல்ல, இடுப்புக்கு. அங்கே விலங்கு தொங்கும், ரேடியோ தொங்கும், துவக்கு இராது. பிளேஸ்டோவில் வீடு வாங்கி, பஸ் ஓட்டி, தலை நரைத்த பிறகும் இந்தப் பார்வை என்னை விட்டுப் போகவில்லை. வெள்ளைக்காரருக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட நாட்டில், என் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயே ஒரு துவக்கு வந்து குந்தியது. கொண்டுவந்து வைத்தவன் என் மகள் நிலானியைக் கட்ட ஆசைப்படுகிற பொடியன்.

தினேஷ் மலேசியாத் தமிழன், ஈப்போக்காரன். படிக்க வந்து, வேலை கிடைத்து, தோர்ண்டன் ஹீத்தில் தங்கிவிட்டான். நல்ல பிள்ளை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பான். என் மனுசி எப்பவோ ஓம் சொல்லிவிட்டாள். நான்தான் இரண்டு மாதமாக வாய் திறக்கவில்லை. காரணம் அவனுடைய சனிக்கிழமை. கண்ணாடி போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் குண்டு சுடுகிற போலித் துவக்கோடு ஒரு மண்டபத்துக்குள் ஓடித் திரிவான். ஏர்சாஃப்ட் என்று பெயராம். "அது விளையாட்டு அப்பா, யாருக்கும் ஒண்டும் ஆகாது" என்றாள் நிலானி. விளையாட்டுக்கு இந்த உலகத்தில் வேறு சாமானே இல்லையா என்று கேட்டேன். அவள் கத்தவில்லை. "நீங்கள் ஓம் எண்டாத்தான் கலியாணம். இல்லாட்டி இப்பிடியே இருப்பன்" என்று மட்டும் சொன்னாள். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒரு புதன்கிழமை, கடையில் புதிதாகக் குறிபார்க்கும் கருவி பூட்டிய கையோடு அவன் அந்தத் துவக்கைப் பெட்டியோடு எங்கள் மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனான். இதைத் தெருவில் வெளியே எடுத்துக் காட்டினால் குற்றம், எப்போதும் பெட்டிக்குள்தான் இருக்கவேண்டும். வீட்டுக்குள் வைத்திருப்பது சட்டப்படி சரி. எல்லாம் நிலானி விளக்கித்தான் இருந்தாள். ஆனால் அடுத்த நாள் காலை, வீட்டில் நான் தனியே இருந்தபோது, ஜன்னலால் பார்த்தால் இரண்டு பொலிஸ்காரர் எங்கள் வரிசையில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிறார்கள். சட்டம் என்ன சொன்னது என்பதெல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது. பெட்டியைத் திறந்தேன், அதை எடுத்தேன், இரண்டு அரிசிப் பையால் சுற்றினேன், பின்வளவில் போஞ்சி நட வெட்டி வைத்திருந்த பாத்திக்குள் தாட்டேன். மேலே மண்ணை மூடி மிதித்தும் விட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிராது.

கதவைத் திறந்தபோது நின்றது ஒரு இளம் பொலிஸ்காரி. பக்கத்து வீட்டில் சைக்கிள் களவு போய்விட்டதாம், ஏதும் கண்டீர்களா என்றாள். காணவில்லை என்றேன். என் கையில் இருந்த மண்ணைப் பார்த்துச் சிரித்து, தோட்டவேலைக்கு நல்ல நாள்தான் என்றாள். நான் யாரும் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லுகிற ஆள். "பொட்டேட்டோ" என்றேன். "இந்த மாதத்திலா? பிந்திவிட்டதே!" என்று அவள் உண்மையாகவே கவலைப்பட்டு, தன் தகப்பன் உருளைக்கிழங்கு நடுகிற முறையை வாசலில் நின்று சொல்லித்தந்தாள். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

தாட்டு வைக்கிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியும். ஆமி வருகுது என்ற கதை பரவிய கிழமை, ஒழுங்கை முழுக்க மண்வெட்டிச் சத்தம்தான். காக்கி நிறத்தில் ஒரு காற்சட்டை, ஒரு கடிதம், ஆமியின் கண்ணில் பட்டால் எதுவும் ஆளைக் கொல்லப் போதும். எங்கள் அண்ணை பள்ளிக்கூட நாடகத்தில் மரத் துவக்கோடு நின்று எடுத்த படம் ஒன்று இருந்தது. மீசை கீறிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். அதை நான்தான் பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டேன். பிறகு நாங்கள் இடம்பெயர்ந்தோம். அண்ணையை வழியில் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. கன காலத்துக்குப் பிறகு போய்த் தோண்டினேன். பொலித்தீனுக்குள் ஈர மண்ணைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அண்ணையின் வேறு படம் எங்களிடம் கிடையாது. எத்தனையோ நாள் என்னையே திட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை தினேஷ் வந்து வெறும் பெட்டியைத் திறந்தான். நிலானி என்னைப் பார்த்தாள். ஒளித்து என்ன பயன்? சொன்னேன். பொலிஸ் வந்ததையும் சொன்னேன், படத்தையும் சொன்னேன். "ஐயோ அப்பா!" என்று நிலானி வாயைப் பொத்தினாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. இந்தப் பொடியன் சிரித்தால் கதை இதோடு முடிந்தது என்று நான் மனதுக்குள் கறுவிக்கொண்டு நின்றேன். அவன் சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றினான். "மண்வெட்டி எங்க இருக்கு அங்கிள்?" என்றான்.

தோண்டி எடுத்ததைக் குசினி மேசையில் பேப்பர் விரித்து வைத்தோம். குண்டுக்கூட்டைக் கழற்றி உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குக் காட்டிய பிறகே துடைக்கத் தொடங்கினான். உருவம் பெரிய துவக்கின் உருவம்தான். ஆனால் முன்னும் கட்டை, பின்னால் தோளில் வைக்கும் பாகமே இல்லை. "இத எங்க வச்சுச் சுடுறது? மூக்கிலயோ?" என்றேன்.

"எங்கயும் வைக்கிறதில்ல அங்கிள். வார்தான் எல்லாம்" என்றவன், அதன் வாரை என் கழுத்தில் மாட்டி, இழுத்து, குறைத்து, கூட்டி, என் கை நீளத்துக்கு அளவு பார்த்தான். மேலே பூட்டிய சின்னக் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. "என்கூட வாங்களேன். அங்க சரி பார்க்கலாம்" என்றான். நிலானி அடுப்பைத் துடைப்பதுபோல நின்றாள். சுத்தமாக இருந்த அடுப்பு. "வாறன்" என்றேன்.

குரொய்டனுக்கு அங்கால் ஒரு பழைய களஞ்சியத்துக்குள் அந்த மண்டபம். நிலானியும் கூட வந்தாள். பத்து மீற்றர் தூரத்தில் கடதாசி இலக்கு. குண்டு மிளகை விடக் கொஞ்சம் பெரிது. நான் எடுத்த எடுப்பில் அதைத் தோளுக்குக் கொண்டுபோனேன், தோளில் முட்ட ஒன்றுமில்லை, கை நடுங்கியது. முதல் குண்டு கூரைக்குப் போனது. "தோள தேடாதீங்க அங்கிள். முன்னால தள்ளுங்க. வார் இறுகுற வரைக்கும் தள்ளுங்க. ரெண்டு கண்ணும் தெறந்திருக்கட்டும்." தள்ளினேன். வார் பிடரியில் இறுகியது. கையும் கழுத்தும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தன, நடுக்கம் நின்றது. புள்ளி இலக்கில் இருந்தது, குண்டோ இடப்பக்கம் விழுந்தது. அவன் சின்னத் திருகாணி ஒன்றை இரண்டு தரம் திருகினான். மறுபடி இடம். இன்னும் ஒரு திருகு. அடுத்த மூன்றும் நடுவில் விழுந்தன.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் சந்தோசம்தான் கூட. "பார்த்தியா!" என்று திரும்பி நிலானியிடம் கத்தப்போனேன். அந்த நேரம் பார்த்து, வேறொருவர் இலக்கு மாற்ற உள்ளே போவதற்காக, பொறுப்பாக நின்ற வெள்ளைக்காரர் எல்லாரும் சுடுவதை நிறுத்தச் சொல்லிப் பெருங்குரலில், "சீஸ் ஃபயர்!" என்றார்.

வாரைக் கழற்றித் துவக்கை மேசையில் வைத்தேன், அது சொல்லித்தந்தபடி. அதற்குப் பிறகு செய்தது யாரும் சொல்லித்தந்தது அல்ல. என் இரண்டு கைகளும் தாமாகத் தலைக்கு மேலே போயின. இறக்கப் பார்த்தேன், ஏலவில்லை. ஒருவன் கத்தினால் கையை உயர்த்திக்கொண்டு நிற்கப் பழகிய உடம்பு. வெள்ளைக்காரர் குழம்பிப்போய், "யூ ஓகே, சேர்?" என்றார். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தினேஷ் என்னைப் பார்த்தான். மெல்ல வந்து எனக்குப் பக்கத்தில் நின்று, தன் இரண்டு கைகளையும் உயர்த்தினான். அந்தப் பக்கம் தேநீர்க் கோப்பையோடு நின்ற நிலானி, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளும் உயர்த்தினாள். குரொய்டனில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், யாருமே கேட்காமல், மூன்று தமிழர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம்.

"ஓம் பிள்ளை," என்றேன் நிலானியிடம், கையை இறக்காமலே. "ஓம்."