பட்டைத் தண்ணீர்தான் முதலில்

திபாக்யா என் சக்களத்தி. அவளைப் புகழ்ந்து பேச வேண்டுமென்று எனக்கு ஒன்றும் வேண்டுதல் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், யெண்டி வட்டாரத்தில் கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுக்கிற ஷியா மரத்தை அவள் அளவுக்குத் தெரிந்தவர் கிடையாது. பிறந்த பிள்ளையின் தொப்புளுக்கு வெண்ணெய், வயிற்றுப்போக்குக்கு வேர், பல்லுக்குக் குச்சி என்று பாதி ஊர் அவள் வாசலில்தான் நிற்கும். திமிரும் அதே அளவு உண்டு.

என் தம்பி டவூனி, ஊர்த் தலைவர் முற்றத்தில் முன்னோர் பெயர்களை முரசில் அடித்து அழைப்பவன். டாம்பா திருவிழாவுக்குப் பதினாறு நாள் இருக்கையில், கிழங்குக் காட்டில் பிடி வழுக்கி அரிவாளின் வாய் அவன் வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கோல் பிடிக்கிற கை. திருவிழாவன்று அவன் அடிக்காவிட்டால் அந்த இடம் சித்தப்பா மகனுக்குப் போய்விடும்.

எங்களுக்கு எதற்கும் வெண்ணெய்தானே. நானும் அள்ளி அப்பிக் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் கை வீங்கி நாற்றம் எடுத்தது. திபாக்யா கட்டைப் பிரித்தாள்.

"யாரு கட்டுனது?"

"நான்தான்க்கா."

"சமைக்கத்தான் தெரியாதுன்னு நெனச்சேன். அழுக்கை உள்ள வெச்சுப் பூட்டியிருக்கியே, மகராசி."

உடனே மரத்துக்குப் போனாள். விடியும் திசையில் ஒரு கீற்று, பொழுது அடையும் திசையில் ஒரு கீற்று, அவ்வளவுதான் பட்டை எடுப்பாள். சுற்றி உரித்தால் மரம் செத்துவிடும். அந்தப் பட்டையைச் செவக்கச் செவக்கக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தினமும் மூன்று வேளை அவன் கையை அதில் ஊறவைத்தாள். மணிக்கட்டில் கரியால் ஒரு கோடும் போட்டாள்.

"செவப்பு இந்தக் கோட்டைத் தாண்டுச்சுன்னா பட்டை போதாது தம்பி. நேரா ஆஸ்பத்திரிதான். அப்ப என்கிட்ட வாயாடக் கூடாது."

"அக்கா, கோல் பிடிப்பேனா?"

"மொதல்ல சோத்து உருண்டையைப் பிடி."

காலையில் கண் விழித்ததும் நான் பார்த்தது அந்தக் கரிக்கோட்டைத்தான். என் தப்பு அல்லவா. சிவப்பு, கோட்டுக்கு ஒரு விரல் கீழே வரை வந்து நின்றது. பிறகு இறங்கியது. ஆறாம் நாள் சீழ் வற்றி, ஒன்பதாம் நாள் புதுச்சதை தெரிந்தது. திபாக்யா வெண்ணெய்ச் சட்டியை என் கையில் கொடுத்தாள்.

"இப்பப் போடு."

டாம்பா அன்று டவூனி தலைவரின் முன்னோரை ஒருவர் விடாமல் அழைத்தான். அடி ஒன்றுகூடப் பிசகவில்லை. முடித்துவிட்டு நேராகத் திபாக்யாவின் எதிரே வந்து நின்று, அவள் பாட்டனாரின் பெயரை முழக்கினான். எங்கள் ஊரில் எளிய வீட்டுப் பெண்ணை முரசு இப்படித் தேடி வருவதில்லை. முரசு அழைத்தால் ஆடியே ஆக வேண்டும். எதற்கும் அசராதவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான்தான் அவள் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துவிட்டேன்.

"யாரு அந்தம்மா?" என்று ஒரு வெளியூர்க்காரி கேட்டாள்.

"எங்க வீட்டு மூத்தவ" என்றேன். என் புருஷனைக்கூட நான் யாருக்கும் அவ்வளவு பெருமையாகக் காட்டியதில்லை.