மில்லடியில் இரண்டு பெட்டிகள்

என் சின்ன மாமா கிற்றாரைக் கடித்துக்கொண்டுதான் வாசிப்பார். பல் பதியக் கடிப்பதில்லை. கிற்றாரின் மேல் விளிம்பில் கீழ்த்தாடை நாடியை ஊன்றி, சில வேளை முன்பல்லையும் அதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். கொழும்பில் எல்லாரும் அப்படித்தான் வாசிப்பார்களாக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். யாராவது ஏன் இப்படியென்று விடுப்புக் கேட்டால், அது அங்கத்தைய பழக்கம் என்று சொல்லிவிடுவார்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் ஜாஸ் வாசிக்கும் குழுவில் கிற்றார் வாசித்தவர். சண்டையால் பிரச்சினை கூடியபோது வேலையை விட்டுவிட்டுக் கிளிநொச்சிக்கு எங்களிடம் வந்தார். வரும்போது கிற்றாரையும் அதற்குரிய அம்பிளிபயர் பெட்டியையும் கொண்டுவந்தார். கரண்ட் இல்லாததால் கிளிநொச்சியில் அவர் வாசிக்கவேயில்லை. பிறகு நாங்கள் கிளிநொச்சியையும் விட்டு வெளிக்கிட்டோம். வெளிக்கிட்ட அன்று விடிய, எங்கள் பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே குண்டு விழுந்தது. மாமா கிற்றாரின் மேல் கவிழ்ந்து கிடந்தார். கிற்றார் தப்பியது, மாமாவும் தப்பினார். பெட்டி வீட்டோடு போய்விட்டது.

தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு தென்னங்காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். மாமா அங்கே வந்த பிறகு வேறு ஆளாகிவிட்டார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஆட்கள் கூடியிருந்து கதைத்தால் எல்லாவற்றுக்கும் சிரித்து, ஆமென்று தலையாட்டி, ஓம், ஓம் என்பார். மனுசனுக்குப் பயத்தில் நெஞ்சு விட்டுப்போய்விட்டது என்று அம்மா கவலைப்படுவார். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஏனென்றால் நானும் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்கிறவள்தான். எனக்கு ஒன்பது வயது. மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் விளங்கிச்சுதோ என்று வாத்தியார் கேட்டால், விளங்காவிட்டாலும் ஓம் என்பேன். இல்லை என்று சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் விட்ட பாடங்கள் கொஞ்சமல்ல.

அங்கே அரிசி மில்லுக்குப் பின்வளவு வீட்டில் ஒரு தாய் இருந்தார். அவருடைய மகன் மாமாவோடு அதே ஹோட்டலில் பியானோ வாசித்தவர். குடிக்கிற இடத்தில் கூத்தடிக்கிறவன் எனக்குப் பிள்ளை இல்லை என்று அந்தத் தாய் வருடக்கணக்காக மகனோடு கதைக்காமல் இருந்தாராம். மகன் போட்ட கடிதங்களைக்கூட வாசிப்பிக்கவில்லையாம். மகன் கொழும்பிலேயே காய்ச்சலில் செத்துப்போனார். சண்டையால் கொழும்புப் பாதை பூட்டியிருந்தது. தாய்க்குச் செய்தி வந்தபோது அடக்கமும் முடிந்துவிட்டது.

ஒரு பின்னேரம் அந்தத் தாய் எங்கள் கொட்டிலுக்கு வந்தார். மாமா அவரைக் கதிரையில் இருத்தி, தான் முன்னால் நிலத்தில் குந்தி, அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் அவனோட ஒண்டாயிருந்து வாசிச்சனீர். அவன் அங்க என்னத்தை வாசிச்சவன் எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை. அவன் செத்த வருசப் பூசை வருது. எனக்கு ஒருக்கா அதைக் கேக்கவேணும். அது கூத்தோ, நல்ல பாட்டோ எண்டு தெரியாமல் என்னாலை செபம் சொல்ல ஏலாமல் கிடக்கு."

மாமா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, வாசிக்கிறேன் என்று சொன்னார்.

அவர் போன பிறகு அம்மா கேட்டார், பெட்டி இல்லாமல் சும்மா பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினால் என்ன என்று. பெட்டி இல்லாவிட்டால் இந்தக் கிற்றார் பாதி ஊமை என்றார் மாமா. அதன் வயிறு பெரிது. வயலினில் இருப்பதுபோல இரண்டு வளைந்த துளையும் உண்டு. ஆனாலும் பெட்டியோடு பொருத்தி வாசிக்கவென்றே செய்தது. வெறுமனே தட்டினால் சத்தம் முற்றம் தாண்டாது. பூசைக்கு வருகிற சனத்துக்கு நடுவில் அது யாருக்குக் கேட்கும்?

கரண்டே இல்லாத ஊரில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட காலத்தில், மாமா அம்பிளிபயர் தேட வெளிக்கிட்டார். கடைசியில் இரண்டு கிடைத்தன. ஒன்று புதுக்குடியிருப்பு லவுட்ஸ்பீக்கர்காரருடையது. கோயில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் மரத்தில் குழாய் கட்டுகிறவர் அவர். அவருடைய பெட்டி கார் பற்றரியில் வேலை செய்யும். மற்றது மில்காரரின் தகப்பன் வைத்திருந்த பழைய வால்வ் றேடியோ. அதற்கு மில்லின் ஜெனரேற்றர் வேண்டும். தாயின் வீடு பின்வளவுதான் என்பதால் வேலிக்கு மேலால் வயர் இழுத்துவிடலாம் என்றார் மில்காரர். இரண்டையும் ஒரே நாளில் மில்லடியில் வைத்துப் பார்ப்பதென்று முடிவானது.

மாமா என்னையும் வரச் சொன்னார். சைக்கிள் பாரில் என்னை இருத்திக்கொண்டு போகும் வழியெல்லாம் எதைக் கவனிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். தடித்த நரம்பைத் தட்டும்போது சத்தம் உருண்டையாக நிற்கிறதா, அல்லது உடைந்து பொருபொருக்கிறதா? தட்டாமல் விடும்போது பெட்டி தன்பாட்டில் இரைகிறதா? நாலைந்து நரம்பை ஒன்றாகத் தட்டினால் ஒவ்வொன்றும் வேறுவேறாகக் கேட்கிறதா, அல்லது சந்தையில் கத்துவதுபோல ஒன்றையொன்று மூடுகிறதா?

"ஜாஸுக்குப் பெட்டி கத்தக்கூடாது பிள்ளை. பக்கத்தில இருந்து ஒராள் மெல்லமாக் கதைக்கிற மாதிரி இருக்கவேணும்."

நான் ஓம் என்றேன். இந்த முறை உண்மையாகவே விளங்கியிருந்தது.

மில்லடியில் பத்துப் பதினைந்து ஆம்பிளைகள் கூடிவிட்டார்கள். முதலில் லவுட்ஸ்பீக்கர்காரரின் பெட்டி. குழாயை நெல் மூட்டைக்கு மேல் வைத்து வயரைக் கொழுவினார். மாமா நாடியை ஊன்றி மெல்லத்தான் தட்டினார். ஆனால் குழாய்க்கு மெல்லம் என்று ஒன்று தெரியாது. சத்தம் தகரத்தைக் கல்லில் தேய்ப்பதுபோல வந்தது. நரம்புகளை ஒன்றாகத் தட்டியபோது மாமா சொன்ன அந்தச் சந்தையேதான். தட்டாமல் விட்ட நேரமும் பழத்தில் மொய்க்கிற இலையான் கூட்டம்போல இரைந்துகொண்டிருந்தது.

பிறகு றேடியோ. மூடியிருந்த சாக்கைத் தூக்கியதும் பின்பக்கத்திலிருந்து இரண்டு எலிக்குஞ்சு ஓடின. உன்ரை பெட்டியிலை எலிதான் பாடுமண்ணை என்று லவுட்ஸ்பீக்கர்காரர் பகிடி விட்டார். இசைத்தட்டுப் பெட்டி கொழுவுவதற்கு றேடியோவின் பின்னால் இரண்டு சின்னத் துளைகள் இருந்தன. மாமா வயரின் நுனியை உரித்து அந்தத் துளைகளில் விட்டு, கழன்று விழாமல் ஈர்க்குத் துண்டு சொருகினார். ஜெனரேற்றரை இயக்கியதும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, உள்ளே இருந்த வால்வுகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாக எரிந்தன. தூசி சூடாகிற மணம் வந்தது. மாமா றேடியோவின் பலகையில் ஒரு கையை வைத்துப் பார்த்துவிட்டு, வாசிக்கத் தொடங்கினார்.

அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு யாரோ தங்களுக்குள் பாடுவதுபோல இருந்தது. அங்கால் ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தும் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியே கேட்டது. மில்லில் நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்த பெண்ணொருவர் சுளகை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

மாமா நிறுத்திவிட்டு எனக்கு முன்னால் வந்து குந்தினார்.

"எது பிள்ளை?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. றேடியோ என்ற சொல் வாய்க்குள் வந்துவிட்டது. அதற்குள் லவுட்ஸ்பீக்கர்காரர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்ரை பெட்டிதானே பிள்ளை? பாத்துச் சொல்லு. இல்லாட்டி உன்ரை கலியாணத்துக்கு நான் லவுட்ஸ்பீக்கர் கட்ட வரமாட்டன்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிந்தால் போதும் என்றிருந்தது. நான் ஓம் என்று தலையாட்டினேன்.

மாமாவின் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. வடிவாக, கவனமாகக் கேட்டனீயோ என்று இன்னொருக்கால் கேட்டார். இனி மாற்றிச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். அதற்கும் ஓம் என்றேன். றேடியோதான் நல்லாயிருந்த மாதிரிக் கிடந்தது என்று மில்காரர் மாமாவின் முதுகுப்பக்கம் நின்று சொன்னார். மாமா திரும்பவில்லை. மில்காரருக்கு மனம் நொந்திருக்க வேண்டும். போய் ஜெனரேற்றரை நிற்பாட்டினார். ஒரு பொடிச்சியின் கதையைக் கேட்டா முடிவெடுக்கிறீர் என்று யாரோ நேரே வந்து மாமாவிடம் கேட்டார்கள். மாமா என் தலையில் கை வைத்தார்.

"இவளின்ரை காதைத்தான் நான் நம்புறன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க முடியாது.

வருசப் பூசை முடிந்து, தாயின் முற்றத்தில் கிடுகுப் பந்தலுக்குக் கீழே எல்லாரும் கூடினார்கள். ஸ்டூலில் மகனின் படம் இருந்தது. ஹோட்டலில் போடுகிற வெள்ளைக் கோட்டோடு எடுத்த படம். அதுவரை உடுப்புப் பெட்டிக்குள் கிடந்ததைத் தாய் அன்றைக்குத்தான் வெளியில் எடுத்தாராம். மாமரக் கிளையில் குழாய் கட்டியிருந்தது. தாய் படத்துக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார்.

மாமா வாசித்தார். விரல்கள் எவ்வளவு ஆறுதலாக நடந்தன என்று எனக்குத் தெரியும், நான் அவருக்குக் கிட்டத்தான் இருந்தேன். ஆனால் மரத்துக் குழாயிலிருந்து விழுந்த சத்தம் வேறு. காகங்கள் கலைந்து பறந்தன. என்னவோ அறிவித்தலாக்கும் என்று ஒழுங்கையில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். கொஞ்சப் பேர் தேத்தண்ணிக் கோப்பையோடு மெல்ல எழுந்து குசினிப் பக்கம் போனார்கள். மாமா கண்ணை மூடியிருந்தார்.

நடுவில் ஒரு தரம் கண்ணைத் திறந்தார். ஆட்கள் எழும்பிப் போவதைக் கண்டிருப்பார். வாசிப்பதை நிறுத்தாமல், புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். எல்லாம் சரிதானே என்பதுதான் அந்தப் பார்வை. ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். வயர் வேலிக்கு அங்கால்தான், றேடியோ மில்லுக்குள்தான் இருந்தது. மில்காரரும் பந்தலுக்குள்தான் நின்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை வாசித்தார்.

தாய் மட்டும் அசையாமல் இருந்து கேட்டார். முடிந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையை அடக்கினார் போலும். பொத்திய வாயோடுதான் மாமாவிடம் கேட்டார்.

"இப்பிடி இரைஞ்சு கத்துறதைத்தானோ தம்பி, என்ரை பிள்ளை வாழ்நாள் முழுக்க வாசிச்சவன்?"

மாமா அவரைப் பார்த்துச் சிரித்தார். எவ்வளவு அன்பான சிரிப்பு அது.

"ஓம் அம்மா. இப்பிடித்தான்."

தாய் எழுந்து, ஸ்டூலிலிருந்த படத்தை எடுத்து, சேலையால் துடைத்து, உள்ளே கொண்டுபோனார். உடுப்புப் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது.

கன வருடம் கழித்துப் பாதை திறந்த பிறகு, அம்மா மாமாவை வற்புறுத்தி வவுனியாவுக்குக் காது வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார். குண்டு விழுந்த அந்த விடியலோடு மாமாவின் இரண்டு காதும் அநேகமாகப் போய்விட்டதாம். ஆட்கள் கதைத்தால் வாயைப் பார்த்து மட்டுக்கட்டுவாராம். கிற்றாரின் சத்தம் மட்டும் நாடியிலும் பல்லிலும் பட்டு எலும்பு வழியாகக் கேட்குமாம். அதனால்தான் விரலில் பிழை வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து வருவதுதான் அவருக்குக் கேட்காது. பாட்டுக்காரனுக்குக் காது போனதென்று ஊருக்குத் தெரியக்கூடாதென்று ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அம்மா இதைச் சொன்னபோது நான் அடுப்படியில் இருந்தேன். எழுந்து வெளியே போய்விட்டேன். அந்தத் தாய் அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே செத்துப்போனார். எந்தப் பெட்டி உண்மையில் நல்லாயிருந்ததென்று மாமாவுக்கும் நான் கடைசிவரை சொல்லவில்லை.

அந்தப் பூசையன்று பந்தலிலிருந்து நாங்கள் இருவரும் ஒழுங்கையால் நடந்து வந்தோம். நல்ல வெயில். மில்லைத் தாண்டியதும் மாமா நின்றார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கிற்றாரை மடியில் வைத்து எனக்கு முன்னால் குந்தினார்.

"பிள்ளை, அவா கடைசியா என்ன கேட்டவா?"

தாய் நேரே அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டதை என்னிடம் ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை.

"மகன் நல்ல பாட்டு வாசிச்சிருக்கிறான் எண்டவா."

மாமா என் வாயைப் பார்த்தபடியே இருந்தார். திருப்பிச் சொல்லு என்றார். திருப்பிச் சொன்னேன். அவருடைய கண் நிறைந்துவிட்டது. நல்ல கதையென்றால் பெரிய ஆட்களுக்கும் இரண்டு தரம் கேட்க ஆசையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவருடைய கையைப் பிடித்து நடந்தேன்.