பூசணிக்காய்க்கு முதல் வெட்டு

என் மகள் ஒரு புகைப்படத்தைத்தான் அப்பா என்று அழைத்துக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றில் இருக்கும்போதே இவர் கனடாவுக்குப் போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடம் அந்தப் படத்தைக் கொஞ்சிவிட்டுத்தான் அவள் படுப்பாள். தொண்ணூறுகளின் நடுவில் இவர் போட்ட ஸ்பொன்சர் சரிவந்து மொன்ட்ரியாலில் வந்து இறங்கினால், படத்தில் இருந்த மீசையும் இல்லை, முன்மயிரும் இல்லை. பிள்ளை எதை நம்பும்? கோடை முழுக்க அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே ஒப்பேற்றினாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவாள். அவர் வாய் திறந்து குறை சொன்னதில்லை. ஆனால் அவள் "அம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம் அவரும் நிமிர்ந்து பார்ப்பார்.

இலை உதிரத் தொடங்கிய நேரம், பள்ளிக்கூடத்தில் பூசணிக்காய் பான்கேக் கொடுத்தார்களாம். வீட்டிலும் அது வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு அடைக்கும் இடத்தில் இவருக்கு இரவு வேலை. காதில் விழுந்ததுதான் தாமதம், ஜான்-டலோன் சந்தைக்குப் போய் ஒரு பூசணிக்காயும், பான்கேக்கின் மேல் ஊற்ற ஒரு போத்தல் மேப்பிள் பாணியும் வாங்கி வந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

சனிக்கிழமை விடிந்ததும் மகள் பூசணிக்காய்க்கு முன்னால் குந்திவிட்டாள். வெட்டச் சொல்லி நச்சரிப்பு. நானா வெட்டுவேன்? முழுப் பூசணிக்காயில் முதல் வெட்டு ஆண் கைதான் போடவேண்டும், பெண் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஊரில் தனியே இருந்தபோதும் பக்கத்து வீட்டு அண்ணையைக் கூப்பிட்டுத்தான் வெட்டுவித்தேன். கனடாவுக்கு வந்துவிட்டோம் என்று பூசணிக்காய்க்குத் தெரியுமா? இவர் வேலையால் வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார்.

"அப்பாதான் வெட்டவேணும். போய்க் கூப்பிட்டுக்கொண்டு வா," என்றேன். வழக்கம் பாதி, என் தந்திரம் பாதி.

போனாள். நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். கட்டிலடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவருடைய கால் பெருவிரலைப் பிடித்து இழுத்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை, அழுத்தக்காரி! அந்த மனுசன் துள்ளி எழும்பி, சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்து, கத்தியை வாங்கி ஒரே போடாகப் போட்டார்.

அடுத்த கூத்து என்னுடையது. கோதுமை மா வீட்டுக்கு வந்தால் உடனே அவித்து அரித்து வைத்துவிடுவேன், பிட்டுக்கும் இடியப்பத்துக்கும். அவிக்காத பச்சை மா ஒரு பிடி கிடையாது. மா என்றால் மாதானே என்று, பூசணிக்காயை அவித்து மசித்து, அந்த அவித்த மாவோடு முட்டை, பால், சீனி எல்லாம் சேர்த்துக் குழைத்துத் தாச்சியில் ஊற்றினேன். அவித்த மா எங்கே ஒட்டும்? அது பொங்கவே இல்லை. திருப்பத் திருப்ப உடைந்து, கடைசியில் தட்டில் விழுந்தது மஞ்சள் பிட்டு. இது பான்கேக் இல்லை என்று மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

இவர் ஒரு துண்டை வாயில் போட்டார். தொண்டையை அடைத்திருக்கும். நல்லாயிருக்கு என்றார். பிறகு போத்தலைத் திறந்து தன் தட்டில் பாணியை ஊற்றினார். ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். மகள் போத்தலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாணி பாதிக்கு இறங்கிவிட்டது.

"அப்பா, எல்லாத்தையும் ஊத்தாதேங்கோ. எனக்கும் வேணும்."

அச்சு அசல் என் அதட்டல். தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்! இவர் கை அப்படியே நின்றது. பிறகு போத்தலை அவளுடைய தட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றிக் கொடுத்தார். அவள் ஒன்றும் நடக்காததுபோலக் குனிந்து சாப்பிடத் தொடங்கினாள். எனக்குக் கண் முட்டிவிட்டது, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். துடைத்துவிட்டுப் பார்த்தால், அந்த மனுசன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு போத்தலை மறுபடியும் தன் தட்டில் சரிக்கிறார்.