முகம் திருப்பிய பிள்ளை

"மிஸ்ஸி, உங்கடை விரலைச் சூப்புறாள். என்னட்டை வந்தா முகத்தைத் திருப்புறாள். என்னை அவளுக்குப் பிடிக்கேல்லைப் போலை."

குருநகரிலிருந்து வரும் மெற்றில்டா இப்படிச் சொல்லி அழுதபோது, முப்பது வருடம் தாதியாக இருந்த நான் அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். குறைமாதத்தில் பிறந்த அவளுடைய மகள் எங்கள் ஆஸ்பத்திரிப் பிரிவுக்கு வந்து ஆறு கிழமை. மூக்கில் போட்ட ரியூப் வழியாகத்தான் பால். வாயால் குடிக்கப் பழகினால்தான் வீட்டுக்குப் போகலாம்.

பழக்குவது அவசரப்படாத வேலை. லைட்டைக் குறைத்து, பிள்ளையின் கைகளை நெஞ்சோடு சேர்த்து, தலையையும் காலையும் உள்ளங்கைகளால் அணைத்துப் பிடிப்போம். உடம்பு அடங்கியதும் கன்னம், பிறகு உதடு என்று மெல்லத் தொடுவோம். பஞ்சில் ஒரு சொட்டுத் தாய்ப்பாலை உதட்டில் வைப்போம். ரியூபில் பால் இறங்கும்போது கையுறை போட்ட விரலைச் சூப்பக் கொடுப்போம். சூப்பினால் வயிறு நிறையும் என்பது பிள்ளைக்குப் பிடிபட வேண்டுமே! என் கையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தாயின் நெஞ்சில் போட்டால் மட்டும் முகத்தைச் சுளிப்பாள்.

ஏன் என்ற கேள்வி மண்டையைக் குடைந்தது. அடுத்த நாள் மெற்றில்டா வீட்டிலிருந்து வந்ததும் நானே பக்கத்தில் நின்றேன். பிள்ளையை அவள் நெஞ்சில் வைக்கக் குனிந்தபோது மூக்கில் அடித்தது பேபி கொலோன்.

"என்ன தங்கச்சி, கொலோனிலை குளிச்சனீரோ?"

"நீங்கள்தானே துப்புரவா வரச் சொன்னனீங்கள்? எங்கடை கருவாடு போடுற வீடு, மிஸ்ஸி. மணக்குமெண்ட பயத்திலை நெஞ்செல்லாம் சவுக்காரம் போட்டு, கொலோனும் தடவித்தான் வாறனான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் சொன்ன துப்புரவு கைக்கு மட்டும். அதை விளக்கிச் சொல்லாதது என் பிழை.

"கையை வடிவாச் சவுக்காரம் போட்டுக் கழுவும். நெஞ்சுக்கு வெறும் தண்ணி காணும். கொலோன் வேண்டாம்."

மூன்றாம் நாள், பால் வேகமாகப் பாய்ந்து புரைக்கேறாதபடி முதலே கறந்து குறைத்த மார்பில் பிள்ளையை வைத்தோம். மோந்தாள். நக்கினாள். நாலு தரம் இழுத்துவிட்டு, நிறுத்தி மூச்சு எடுத்தாள்.

"மிஸ்ஸி, இழுக்கிறாள்!"

எனக்கும் கண் கலங்கியது. கொலோன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மூன்று நாளில் பிள்ளையும் வளர்ந்திருப்பாள்.

"அப்ப என்ரை மணம் கூடாததில்லையோ?" மெற்றில்டா மெதுவாகக் கேட்டாள்.

"அதைத்தானே பிள்ளை தேடினவள்."

அதன்பிறகு எந்தத் தாயிடமும் எதைக் கழுவ வேண்டும் என்பதோடு நான் நிறுத்தியதில்லை. எதைக் கழுவிப் போக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுவேன்.