சேவியர் ஊதிய மூச்சு

முதலில் இருமியது நான்தான். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த ஃபிட்டர் வேலை. மூன்று மாதமாகியும் இருமல் விடவில்லை. அந்த நேரம் பார்த்து மருத்துவ முகாம் போட்டார்கள். இருமுகிறவர்கள் ஒரு குழாயில் ஊத வேண்டும். கோளாறு என்றால் கேட் பாஸ் போய்விடும், அதோடு வேலையும் போய்விடும் என்று பேச்சு.

கூட வேலை பார்த்த சேவியர் ராயபுரத்துக்காரன். பீடி, சிகரெட் கிடையாது. கடலில் இறங்கினால் கண்ணுக்கு எட்டாத தூரம் நீந்துவான். “இன்னா மாமு, ஊதறதுக்கா பேஜாராவுற? உன் பேர்ல நான் ஊதிக்கிறேன்” என்றான். ஹெல்மெட்டும் மாஸ்க்குமாக நின்றால் யார் யாரென்று யாருக்குத் தெரியும்? என் அட்டையைக் கொடுத்தேன்.

பத்து நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். கருவிக்குள் முடியைவிட மெல்லிய தகடு ஒன்று அதிர்ந்துகொண்டே இருக்கும். நோயுற்ற நுரையீரல் விடும் சில மூலக்கூறுகள் (பொருளின் மிகச் சிறிய துணுக்குகள்) அதன் பூச்சில் ஒட்டும். எடை கூடும், அதிர்வின் வேகம் குறையும். என் பெயரில் ஊதிய மூச்சில் அப்படிக் குறைந்திருந்ததாம்; புற்றுநோயாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். எனக்கு இதெல்லாம் புதிதா? ஸ்க்ரூடிரைவரைப் பேரிங்கில் ஊன்றிக் காதில் வைத்து, காற்றாடி இறகில் தூசி படிந்ததைச் சொல்கிறவன் நான்.

ஸ்கேனில் எனக்கு மூச்சுக்குழாய் அழற்சி (சளியோடு கூடிய வீக்கம்) மட்டும்தான். டாக்டர் குழம்பினார். “புதுக் கருவி, சோதனையில்தான் இருக்கு” என்று சொல்லி, கருவிப் பிழை என எழுதினார். ஊதியது நானில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேவியரிடம் விளையாட்டாகச் சொன்னேன். “உன் மூச்சுல ஏதோ கீதாம்டா.”

“வஞ்சிரக் கொழம்பு கீது” என்றான். இருவரும் சிரித்தோம். ஒரு மோட்டார் அப்படிக் காட்டியிருந்தால் நிறுத்திக் கழற்றிப் பார்த்திருப்பேன்.

எட்டு மாதம் கழித்து அவன் இரத்தமாக இருமினான். பயாப்சியில் (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) புற்றுநோய் என்று தெரிந்தது. முற்றியிருந்தது. அதே டாக்டர்தான் கேட்டார்: “முன்னாடி ஏதாவது டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?”

சேவியர் என்னைப் பார்த்தான். “இல்ல சார்.”

வெளியே வந்ததும், “உன் பாஸு பூடும் மாமு. கம்னு கெட” என்றான். நான் கம்மென்று கிடந்தேன். அதற்கு இன்றுவரை என்னை மன்னிக்க முடியவில்லை.

தவக்காலத்தில் அவனை அடக்கம் செய்தோம். அடுத்த வாரம் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை, ஏசியிருக்கலாம். பழைய கோப்பை எடுத்து, ‘கருவிப் பிழை’யை அடித்துவிட்டு சேவியரின் பெயரை எழுதினார்.

இதைப் படிக்கிறவர்களே, வேலைக்குப் பயந்து உங்கள் மூச்சை இன்னொருவரிடம் கொடுத்துவிடாதீர்கள். இப்போது மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்த எட்டு மாதம்தான் நினைவுக்கு வருகிறது.

எல்லாவற்றையும் சொன்ன அன்றே டாக்டர் ஒரு புதுக் குழாயை நீட்டினார். “இந்தத் தடவை ஊதப்போறது நீங்கதானே?”

தலையாட்டினேன். என் பெயரில் நான் முதல்முறையாக ஊதினேன்.