மருதோன்றிக் கைகளை மறைத்த ஹூட்

வெயில் லென்ஸில் படாமல் மறைக்க, என் சிறிய கமெராவுக்குக் கல்முனையில் லென்ஸின் முன்னால் மாட்டும் ஒரு ஹூட் வாங்கினேன். "இதக் கழட்டவே தேவல்ல, டீச்சர்" என்றார் கடைக்காரர். நம்பினேன்.

தங்கையின் நிக்காஹ் அன்று மண்டபத்துக்குள் ஃபிளாஷ் போட்டு எடுத்த எல்லாப் படங்களிலும் கீழ்ப்பக்கம் கறுப்பு நிழல். அவளுடைய மருதோன்றிக் கைகள் ஒன்றிலும் தெரியவில்லை. பார்த்ததும் அழுதுவிட்டாள்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "உங்கட விரல் மறைச்சிருக்கும்" என்றார் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப நீங்க நில்லுங்க" என்று அவரையே ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். அவருடைய தாடி நிழலுக்குள் போயிருந்தது. ஹூட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு படம் எடுத்தேன். முகம் முழுதாக விழுந்தது.

"ஓம், ஃபிளாஷ மறைக்கிதுதான்" என்று முனகினார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

இப்போது ஃபிளாஷ் போடுமுன் ஹூட்டைக் கழற்றிவிடுகிறேன். கமெராவுக்கு எதை வாங்கினாலும், கடைக்காரர் முகம் சுளித்தாலும், அங்கேயே படம் எடுத்துப் பார்க்காமல் வெளியேறுவதில்லை.